கோடிக்கரையில் துணை யார்?

கோயில் வரலாறு கூறப் புகுவோர் பெரும்பாலும் அரசர்களிடமிருந்தே தொடங்குவது வழக்கம். கட்டியவன் யார், புதுப்பித்தவன் யார், நிலம் விட்டவன் யார் என்னும் வினாக்களுக்குக் கல்வெட்டுகள் விடை தருகின்றன. அவ்விடையோடு நாமும் மனநிறைவு கொண்டுவிடுகிறோம். ஆனால் அரசன் ஒரு முறை கட்டிய கோயில் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டுமாயின், அந்த ஆயிரம் ஆண்டும் அதன் அருகிலேயே இருந்து வாயில் திறந்து, விளக்கேற்றி, விழா எடுத்தவர்கள் வேண்டும் அல்லவா? அவர்களில் பெரும்பாலோருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. குடமுழுக்கு மலரைக் கையில் ஏந்தும் அன்பர்கள் இந்நன்னாளில் எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் அவர்களே.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் இடம் ஒன்று சோழ நாட்டின் தென்கிழக்குக் கோடியில் உள்ளது. வேதாரண்யம் என்று இன்று வழங்கும் திருமறைக்காடும், அதன் தெற்கே அகத்தியான்பள்ளியும், அதற்கும் தெற்கே காடும் கடலும் கைகோத்து நிற்கும் கோடிக்கரையும் சேர்ந்த கடற்கரை அது. வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நேராக வரும் சோழ மண்டலக் கரை, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. நிலத்தின் முனை அது. ஆதலால்தான் ‘கோடி’ என்று பெயர் பெற்றது. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் ஈழத்தை நம்மிடமிருந்து பிரிக்கும் பாக்கு நீரிணை. திருமறைக்காட்டிலிருந்து இம்முனை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவுதான். அந்தச் சிறு தொலைவுக்குள் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் மூன்று அமைந்துள்ளன.

சுந்தரர் கேட்ட வினா

தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகள், தம் நண்பர் சேரமான் பெருமாளுடன் இக்கடற்கரைக்கு எழுந்தருளினார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகிறார். திருமறைக்காட்டை வணங்கி, அகத்தியான்பள்ளியைத் தொழுது, இருவரும் கோடிக்கரைக்கு வந்தனர். அங்கே எழுந்தருளியிருப்பவர் குழகர். இளமையும் அழகும் உடையவர் என்பது அத்திருப்பெயரின் பொருள். அம்பிகை மைத்தடங்கண்ணி.

அவ்விடத்தில் சுந்தரர் கண்டது என்ன? ஊர் இல்லை, தேரோடும் வீதி இல்லை. கடற்காற்று வேகமாக வந்து மோதுகிறது. பின்னால் அடர்ந்த காடு. மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் அலறுகின்றன. அருகில் வாழும் வேட்டுவரோ அன்பறியாதவர்கள். இத்தகைய இடத்தில் எம்பெருமான் தனித்து இருக்கிறாரே என்று சுந்தரர் உள்ளம் உருகினார். பிறரெல்லாம் தமக்குத் துணை வேண்டி இறைவனைப் பாடுவார்கள். சுந்தரரோ இறைவனுக்குத் துணை இல்லையே என்று வருந்திப் பாடினார். “உமக்குத் துணை யார்?” என்பதே அப்பதிகம் முழுவதும் ஒலிக்கும் வினாவின் கருத்து.

தோழமை நெறியில் நின்றவர்க்கே இத்தகைய வினா தோன்றும். உலகமெல்லாம் நிறைந்து நிற்கும் பரம்பொருளுக்குத் தனிமை உண்டோ என்று வாதம் செய்வது எளிது. ஆனால் அன்பு வாதம் செய்வதில்லை. அந்த வினாவுக்கு இக்கடற்கரை மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அளித்துவரும் விடையே இவ்விடத்தின் வரலாறு என்று கூறலாம்.

திறந்த கதவு

திருமறைக்காட்டின் பெருமைகளில் தலையாயது கதவம் திறந்த வரலாறு. மறைகள் தாமே வந்து இறைவனை வழிபட்டுத் திருக்கதவை அடைத்துச் சென்றன என்றும், அதுமுதல் மக்கள் வேறொரு வழியாகவே உட்சென்று வணங்கினர் என்றும் புராணம் கூறும். அப்பரும் சம்பந்தரும் ஒருங்கே இத்தலத்துக்கு வந்தபோது, அடைத்த கதவு திறக்கப் பாடுமாறு அப்பரைச் சம்பந்தர் வேண்டினார். அப்பர் பாடினார், கதவு உடனே திறக்கவில்லை. பதிகம் நிறைவுறும் தறுவாயில், இரக்கம் வேண்டி மீண்டும் பாடிய பிறகே தாள் நீங்கியது. பின்னர் அக்கதவு நாள்தோறும் திறக்கவும் அடைக்கவும் ஆகும் பொருட்டுச் சம்பந்தர் பாடினார். முதற்பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது.

இவ்வரலாற்றை அற்புதம் என்று மட்டும் கேட்டு மகிழ்ந்து போய்விடுதல் ஆகாது. இதன் பயன் யாருக்கு? நேர்வாயில் வழியே சென்று வணங்கும் உரிமை ஊர்மக்கள் அனைவருக்கும் வந்தது. வடமொழி மறைகள் அடைத்த கதவைத் தமிழ்ப்பாட்டுத் திறந்தது. அதனைவிட நுட்பமான செய்தி ஒன்றும் இதில் உண்டு. ஒரு முறை திறந்தால் போதாது. நாள்தோறும் திறக்க வேண்டும், நாள்தோறும் அடைக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டாவது பதிகம் தோன்றியது. அற்புதம் ஒரு நாளில் முடிந்தது. அதன்பின் வந்த பணி இன்றுவரை தொடர்கிறது. மாசிப் பெருவிழாவில் இவ்வரலாற்றை இன்றும் ஐதிக விழாவாக நடத்திக் காட்டுகின்றனர்.

இத்தலத்தில் தங்கியிருந்தபோதுதான் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பு சம்பந்தரை வந்தடைந்தது. நாளும் கோளும் நன்றாக இல்லை என்று அப்பர் தடுக்க, அடியார்க்கு அவை நல்லனவே என்று சம்பந்தர் கோளறு பதிகம் பாடி மதுரைக்குப் புறப்பட்டார். இன்று இல்லந்தோறும் ஓதப்படும் அப்பதிகம் இந்தக் கடற்கரையில் பிறந்தது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

தலத்தின் பிற சிறப்புகளையும் சுருங்கக் கூறுவோம். சப்தவிடங்கத் தலங்கள் ஏழனுள் இது ஒன்று. இங்கே எழுந்தருளியிருப்பவர் புவனி விடங்கர். அவர் ஆடுவது அம்ச பாத நடனம். கருவறையில் இலிங்கத் திருமேனிக்குப் பின்னே அம்மையப்பர் மணக்கோலத்தில் காட்சி தருகின்றனர். அகத்திய முனிவருக்கு இறைவன் அருளிய திருமணக் காட்சி அது என்பர். அம்பிகையின் திருப்பெயர் யாழைப் பழித்த மொழியாள். அவ்வினிய மொழிக்கு முன் தன் வீணை நில்லாது என்று கலைமகள் நாணினாளாம். இங்குள்ள கலைமகள் திருவுருவம் வீணையின்றி, சுவடியேந்தியே விளங்குகிறது. திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் இவ்வூரினர். தாயுமான அடிகளின் தந்தையார் கேடிலியப்ப பிள்ளையும் இவ்வூரைச் சேர்ந்தவரே. திருச்சிராப்பள்ளியில் ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் அவரைத் தம் அரண்மனைப் பணிக்கு அழைத்துச் சென்றார்.

விளக்கழகு

ஊர்தோறும் ஓர் அழகைச் சொல்லும் நம் நாட்டு வழக்கில், திருவாரூருக்குத் தேரழகு, வேதாரண்யத்துக்கு விளக்கழகு. இந்த விளக்கைப் பற்றிய கதை ஒன்றைத் திருநாவுக்கரசர் தம் தேவாரத்தில் வேறொரு தலத்துப் பதிகத்தில் நினைவுகூர்கிறார். திருமறைக்காட்டுக் கோயிலில் மங்கி எரிந்த விளக்கின் நெய்யை உண்ண ஓர் எலி வந்தது. சுடர் மூக்கைச் சுட, அது துள்ளியதில் திரி தூண்டப்பெற்று விளக்கு நன்றாக எரிந்தது. அறியாமற் செய்த அப்பணிக்காக இறைவன் அவ்வெலிக்கு மூவுலகும் ஆளும் பேற்றை அளித்தான்; அதுவே மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்தது என்பது மரபு.

அறியாமல் தூண்டிய எலிக்கே இந்தப் பேறு என்றால், அறிந்து விளக்கிட்டவர் பேறு எத்தகையது! முதற் பராந்தகன் காலந்தொட்டு விளங்கும் சோழர் கல்வெட்டுகள் பல இத்திருக்கோயிலில் உள்ளன. அவற்றுள் நந்தாவிளக்குக் கொடையைக் கூறுவன பல. சோழர் காலத்தில் இக்கொடை எவ்வாறு நடந்தது என்பதைக் கொடையாளர்கள் அறிந்துகொள்வது நன்று. ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை விடுவது பொதுவான வழக்கம். ஆடுகளைப் பெற்ற மன்றாடி, அதாவது இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடுகள் மூத்து இறக்கலாம். ஆனால் மந்தை பெருகிக்கொண்டே இருக்கும். ஆகவே அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினர். கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது. நாள் தவறாமல் நெய் அளந்த ஆயர் குடிகளால்தான் விளக்கு எரிந்தது. கொடை ஒரு நாளில் முடியும். அதைக் காக்கும் பணிக்கு முடிவே இல்லை. நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணியே அறக்கட்டளை அமைத்தார்கள்.

கடல் கடந்தும் இக்கோயிலுக்குத் துணை வந்தது. யாழ்ப்பாணத்து வரணி ஆதீனத்தார் தலைமுறை தலைமுறையாக இத்திருக்கோயிலின் நிருவாகத்தில் பரம்பரை உரிமை பெற்றிருந்தனர். முற்காலத்தில் ஈழத்து அடியார்கள் தோணியேறி வந்து இக்கடலில் தீர்த்தமாடிச் செல்வதும் உண்டு. கோடிக்கரைக் கடலுக்கு ஆதிசேது என்று பெயர். ஆடி, தை அமாவாசை நாட்களில் மக்கள் ஆதிசேதுவிலும், திருமறைக்காட்டுச் சந்நிதிக் கடலிலும், திருக்கோயிலுக்குள் உள்ள மணிகர்ணிகைத் தீர்த்தத்திலும் நீராடி, முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றுவதை இன்றும் காணலாம்.

உப்பும் அறமும்

திருமறைக்காட்டிலிருந்து தெற்கே இரண்டு கிலோமீட்டர் சென்றால் அகத்தியான்பள்ளி. சம்பந்தர் பாடிய தலம் அது. அதைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளங்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளைவது இங்கேதான். நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவைத்து, படிந்த உப்பை வாரிக் குவிக்கும் இத்தொழிலுக்குக் கதிரவனே முதலாளி. வெயில் கடுமையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் உழைப்பாளிகள் இவர்களைப்போல் வேறு யாரும் இலர். கோடைமழை பிறருக்கு இன்பம். இவர்களுக்கோ பாத்தியில் விளைந்ததைக் கரைத்துக்கொண்டு போகும் இழப்பு. சங்க காலத்தில் உமணர் வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றினர். நெய்தல் நிலத்தின் அந்தப் பழந்தொழில் இங்கே மறையாமல் நிற்கிறது.

இந்த உப்பே 1930-ஆம் ஆண்டில் நாட்டின் வரலாற்றில் இடம் பெற்றது. காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்ததைத் தொடர்ந்து, இராஜாஜி அவர்கள் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டனர். ஏறக்குறைய 150 மைல் நடந்து ஏப்ரல் 28-ஆம் நாள் வேதாரண்யம் வந்தடைந்தனர். இந்த நடைப்பயணத்துக்கென்றே நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு இயற்றினார்.

அப்போது தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தோர்ன் துரை, தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்பவர்கள் சிறை செல்ல நேரும் என்று எச்சரிக்கை விடுத்தார். கோயில்களும் சத்திரங்களும் நிறைந்த தஞ்சைத் தரணியில், வழிநடப்போர்க்குச் சோறிடுவது குற்றம் என்று ஆணை பிறந்தது! மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றார்கள். கொடுத்தவர் யார் என்று காவலருக்குத் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. பெயர் தெரியாமல் செய்யும் அறமே உயர்ந்த அறம் என்று நூல்கள் சொல்லுவதை, ஊர் மக்கள் மரத்தின்மேல் எழுதிக் காட்டினார்கள் என்றே சொல்லலாம்.

ஏப்ரல் 30-ஆம் நாள் விடியற்காலையில் இராஜாஜி உப்பெடுத்துச் சிறைப்பட்டார். வேதாரண்யத்தில் இப்போராட்டத்துக்குத் தூணாக நின்ற வேதரத்தினம் பிள்ளை அவர்கள் சிறை சென்றதோடு, சொத்துப் பறிமுதலையும் ஏற்றார். ‘சர்தார்’ என்று நாடு அவரைப் போற்றியது. பின்னர் 1946-இல் பெண் கல்விக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை இவ்வூரில் அவர் நிறுவினார். அவ்வாறே நினைக்கத் தக்கவர் முடிதிருத்தும் தொழிலாளரான வைரப்பன். தொண்டர்களை அடிக்கும் காவலருக்குத் தொழில் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்த அவர், தம்முன் அமர்ந்திருப்பவர் ஒரு காவலர் என்று பாதியில் அறிந்ததும் கத்தியைக் கீழே வைத்தார். அச்சுறுத்தியும் அவர் பணியவில்லை, சிறை சென்றார். அவருக்கு இவ்வூரில் நினைவுத் தூண் உண்டு. கோயிலை வணங்க வருவோர் அந்தத் தூணையும் ஒரு கணம் நின்று பார்த்துச் செல்வது தகும்.

காற்றும் கடலும்

அகத்தியான்பள்ளிக்குத் தெற்கே காடு தொடங்குகிறது. 1967-ஆம் ஆண்டு இக்காடு வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. வெளிமான் கூட்டம் இங்கே துள்ளித் திரிகிறது. குளிர்காலத்தில் பூநாரை முதலிய பறவைகள் தொலைநாடுகளிலிருந்து வந்து உப்பங்கழிகளில் இறங்குகின்றன. 2002-இல் இச்சதுப்பு நிலம் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காட்டினிடையே மேடான ஓரிடத்தில் இராமர் பாதம் உள்ளது. இலங்கையை நோக்கி இராமபிரான் நின்ற இடம் என்று மக்கள் வணங்குகின்றனர். பருவ காலத்தில் பிற ஊர் மீனவர்களும் குடும்பத்தோடு கோடிக்கரைக்கு வந்து குடிசை அமைத்துத் தங்கி மீன்பிடிக்கின்றனர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இந்தக் காடும், குழகர் கோயிலும், படகு செலுத்தும் பூங்குழலியும் கண்முன் வந்து நிற்கும்.

ஆனால் சுந்தரர் அஞ்சிய கடற்காற்று இன்னும் ஓயவில்லை. 1952, 1977 ஆகிய ஆண்டுகளின் நவம்பர்ப் புயல்கள் நாகைக் கரையைப் பாழ்படுத்தின. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. சோழர் காலத்தது என்று கோடிக்கரை மக்கள் வழிவழியாகக் கூறிவந்த பழைய கலங்கரை விளக்கம் அந்த அலையில் சிதைந்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் பின்னிரவில் ‘கஜா’ புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னையும் மாவும் ஓரிரவில் சாய்ந்தன. உப்பளங்களில் சேறு புகுந்தது. காட்டு மரங்கள் முறிந்தன. மான்களும் பறவைகளும் மாண்டன. தலைமுறை உழைப்பில் வளர்ந்த தோப்பு விடியும்போது இல்லை.

இத்தனைக்கும் பிறகு அவ்வூரார் என்ன செய்தார்கள் என்பதே நாம் காண வேண்டியது. பாத்திகளைத் திருத்தி மறுபடியும் நீர் பாய்ச்சினார்கள். படகைச் செப்பனிட்டுக் கடலுக்குச் சென்றார்கள். திருக்கோயிலில் விளக்கு எரிந்தது, கதவு திறந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியான்பள்ளி வரை ஓடி, பல்லாண்டு நின்றுபோயிருந்த இரயிலும் 2023 ஏப்ரலில் அகலப் பாதையில் மீண்டும் வந்தது. சுந்தரரின் வினாவுக்கு விடை இதுவே: இம்மக்களே துணை.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இவ்வரலாறு ஒரு கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. குடமுழுக்குக் காண்பது பெரும்பேறு. அதற்குப் பொருள் உதவுவது அதனினும் பெரும்பேறு. ஆயினும் யாகசாலைப் புகை அடங்கி, பந்தல் பிரித்த மறுநாள் கோயிலில் யார் இருப்பார்? தமிழகத்துக் கடற்கரைகளிலும் சிற்றூர்களிலும், குழகர் போலத் தனித்திருக்கும் தெய்வங்கள் எண்ணற்றோர். ஒரு வேளை விளக்குக்கும் வழியின்றி இருக்கும் கோயில்கள் உண்டு. கோபுரத்துக்கு வண்ணம் தீட்ட முன்வரும் அன்பர்கள், அத்தகைய கோயில் ஒன்றுக்கு நாள்தோறும் எண்ணெய் வார்க்கும் கட்டளை ஒன்றையும் அமைப்பார்களாக. பழைய ‘சாவா மூவாப் பேராடு’ இன்று வங்கியில் வைக்கும் நிலையான வைப்பாக இருக்கலாம், கருத்து ஒன்றே.

மற்றொன்றும் கூறத் தோன்றுகிறது. திருப்பணி செய்யும்போது, மணலை விசையோடு பாய்ச்சிக் கற்சுவரைத் துடைப்பதாலும், சுண்ணாம்பும் வண்ணமும் கனமாகப் பூசுவதாலும் கல்வெட்டுகள் பல இடங்களில் அழிந்திருக்கின்றன. புதுக்கொடையாளர் பெயரைப் பொறிக்க இடம் தேடும்போது, ஆயிரம் ஆண்டுக்கு முன் விளக்கிட்டவர் பெயரை அழித்துவிடலாகாது. அவர் கொடுத்தது நமக்காக. அவர் பெயரைக் காப்பது நம் கடமை. அவ்வாறே அர்ச்சகர், ஓதுவார், மெய்காவலர், மாலை கட்டுவோர், திருவலகிடுவோர் ஆகியோருடைய பிள்ளைகள் அப்பணியில் தொடர்ந்து நிற்கும் வண்ணம் அவர்தம் வாழ்வுக்கு வழிசெய்வதும் திருப்பணியே. கல்லைக் காக்க ஸ்தபதியார் உண்டு. கோயிலில் பணிசெய்யும் மனிதரைக் காக்க ஊரார்தாம் உண்டு.

வாய்ப்புள்ள அன்பர்கள் ஒரு முறை திருமறைக்காடு சென்று மணவாளக் கோலத்தைக் கண்டு தொழுது, அப்படியே தெற்கே நடந்து அகத்தியான்பள்ளியையும் கோடிக்குழகரையும் வணங்கி வருக. வழியில் உப்பு வாரும் பெண்டிரையும் வலை உலர்த்தும் மீனவரையும் கண்டால், அவர்களும் இத்திருக்கோயில்களின் வரலாற்றுக்கு உரியவர்கள் என்று எண்ணுக. கதவு திறந்த தமிழும், விளக்கெரிந்த நெய்யும், மரத்தில் தொங்கிய சோறும் ஒரே அன்பின் மூன்று வடிவங்கள்.

மறைக்காட்டு மணாளரும் யாழைப் பழித்த மொழியாளும் இம்மலரைப் படிப்போர்க்கும், திருப்பணிக்கு ஈந்தோர்க்கும், பெயர் தெரியாமல் துணைநிற்போர்க்கும் எல்லா நலமும் அருள்வார்களாக.

சிவம் பெருகுக.